வடிகட்டி ஊற்றிய டீசல்

எதையும் ஒரே தடவை செய்து எனக்குப் பழக்கமில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். மகள் யாழினி பிறந்த பிறகு இது முற்றிவிட்டது. தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்து, அதனாலேயே அவளை எழுப்பிவிட்டு, மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம் போராடிய தாய் நான். இப்படிப்பட்டவள் ஒரு காரைக் கெடுத்தாள் என்றால் அலட்சியத்தால் கெடுத்திருக்க முடியாது என்று நினைப்பீர்கள். சரிதான். அக்கறையால்தான் கெடுத்தேன்.

யாழினிக்கு ஒன்றேகால் வயதாகும்போது எனக்கு ஜவ்வாது மலையில் ஆசிரியை வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, நெல்லிவாசல்நாடு போகிற பக்கம் ஒரு சின்ன ஊரில். எங்கள் வீடோ கீழே போளூரில். வீட்டுக்காரருக்கு வெளியூர்த் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் வருவார், சில வாரம் அதுவும் இல்லை. காலைப் பேருந்து பள்ளி மணி அடித்த பிறகு போய்ச் சேரும். மாலைப் பேருந்து பள்ளி விடுவதற்கு முன்பே கிளம்பிவிடும். ஷேர் ஜீப்போ ஆள் நிறைந்தால்தான் நகரும்.

ஆக, இரண்டே வழி. ஒன்று, ஜமுனாமரத்தூரில் இன்னொரு ஆசிரியையோடு அறை எடுத்துத் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பது. இன்னொன்று, மாமனாரின் பழைய டீசல் காரில் தினமும் போய் வருவது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடம் அதே மலை ரூட். கார் அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. சமவெளியில் ஒழுங்காகத்தான் போகும். மலையில் முதல் வளைவிலேயே மூச்சு வாங்கும். இரண்டாவது வளைவில் கரும்புகை கக்கும், பின்னால் வரும் பைக்குக்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டார். மூன்றாவது வளைவில் ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டி எங்களை முந்திக்கொண்டு போனது. (மிகைப்படுத்தவில்லை. ஆனால் அது குறுக்குவழியில் ஏறியது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.)

"இத ஆரணிக்காரன் ஒருத்தன் கேட்டுகினு கீறான். குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார் மாமனார்.

"மாமா, ஒரே ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டிப் பாக்கலாமே" என்றேன் நான். அதைக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது. மூன்று நாள் ஒத்திகை.

கண்ணமங்கலத்தில் டீசல் பம்ப் வேலைக்குப் பேர்போன ஒரு பாய் இருந்தார். எஞ்சினிலிருந்து நாசில் ஒன்றைக் கழற்றி, ஒரு சின்ன யந்திரத்தில் மாட்டி அழுத்திக் காட்டினார். டீசலைப் பனிபோலத் தெளிக்க வேண்டிய முனை அது. எங்களுடையது சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகியது.

"எஞ்சின் நல்லாதான் கீதுமா. அதுக்குச் சாப்பாடு சரியா போவல" என்றார் பாய். "நாலு நாசிலும் புதுசு போட்டுடறேன். டேங்க்லேந்து டீசல இழுக்கற பம்ப்பு புதுசு. ரப்பர் பைப்பு எல்லாம் வெடிச்சி காத்து இழுக்குது, அதயும் மாத்தணும். பில்டர் நல்ல நைஸ் பில்டரா போட்டுடறேன்."

நான் நோட்டில் எழுதிப்போன கேள்விகளை எடுத்தேன். பதினான்கு கேள்விகள். பாய் ஒன்பதாவது வரை பொறுமையாக இருந்தார்.

"பாய், பவர் ரொம்ப ஜாஸ்தியாய்டாதே? திடீர்னு பாய்ஞ்சிட்டா இன்னா பண்றது?"

"இன்னாமா நீங்க, நான் கார ரிப்பேர் பண்றனா, ராக்கெட் வுடறனா?"

மாமனார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரவில்லையே.

கிளம்பும்போது பாய் ஒரு விஷயம் சொன்னார். "பழைய பில்டரு ஓட்டச் சல்லடமா. எது வந்தாலும் போனாப் போவுதுன்னு வுட்டுடும். புதுசு அப்படி இல்ல, ரொம்பக் கண்டிப்பு. மலைமேல கேன்ல விக்கற டீசல மட்டும் ஊத்தாதீங்க. வேற வழியே இல்லன்னா நல்லா வடிகட்டி ஊத்துங்க."

நோட்டில் "வடிகட்டவும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பழைய பில்டரையும் பழைய நாசில்களையும் மாமனார் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டார். "அது இன்னாத்துக்கு மாமா, தூக்கிப் போட்டுடலாமே" என்றேன். அவர் பொட்டலத்தை ஓர் ஓரமாக நகர்த்திவைத்து டிக்கியை மூடினார்.

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு, சோதனை ஓட்டம். மாமனார் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பள்ளிக்கூடம் வரைக்கும் ஏறி, வூட்டுக்கு எறங்கி வரணும். நடுவுல எங்கனா நின்னுச்சுன்னா வண்டி ஆரணிக்கு. நீ ரூம்ல தங்கிக்க, பாப்பாவ நானும் உங்க அத்தயும் பாத்துக்கறோம்." அறைத்தோழி ஆசிரியையும் அன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். அன்று மலையில் ஏறப் போவது கார் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இனிமேல் ராத்திரிகளில் யாழினி யார் பக்கத்தில் படுப்பாள் என்பதும் அதே காரில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் காலையில் எல்லாவற்றையும் மும்முறை சரிபார்த்தேன். காய்ச்சல் மருந்து, குல்லா, மாற்றுத்துணி நாலு செட், வெந்நீர் பிளாஸ்க், கூழுக்குக் கேழ்வரகு மாவு. முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு. அதைச் சல்லடையில் சலித்தால் எனக்குத் திருப்தி வராது. மாமனாரின் பழைய மல்லு வேட்டியைக் கிழித்து வைத்திருந்தேன், அதில் கட்டித்தான் சலிப்பேன். குழந்தையின் தொண்டையில் ஒரு உமி சிக்கிவிட்டால்? காய்ச்சிய கூழையும் மறுபடி அதே துணியில் ஊற்றிப் பிழிந்துதான் கொடுப்பேன். அன்று காலை மாவு சலித்த துணியை உதறி, மடித்து, பையில் வைத்தேன். பார்க்க மறந்தது ஒன்றே ஒன்றுதான். டீசல். பாய் டேங்கைக் கழுவிவிட்டு, "கொஞ்சம்தான் ஊத்தியிருக்கறன், பங்க்ல ரொப்பிக்கங்க" என்று சொல்லியிருந்தார். (நோட்டில் எழுதியிருந்தேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதவில்லை.)

ஓட்டப் போவது நான். மாமனார் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட், போலாம்!"

ஏறியது பாருங்கள் கார்! முதல் வளைவு, இரண்டாம் வளைவு, புகையே இல்லை. மூன்றாவது கியரில், ஆட்டுக்குட்டி முந்திய அதே இடத்தில், நாங்கள் ஒரு மினி லாரியை முந்தினோம். மாமனார் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றார். அந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்ல நேர்ந்ததில்லை. பின்சீட்டில் அத்தை, யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, "ஐ, விமானம்!" என்று பாட்டுப் பாடினார். எனக்கோ பயம். வண்டி ஏறவில்லை என்ற பயம் போய், இவ்வளவு நன்றாக ஏறுகிறதே, எங்கோ ஏதோ தப்பு இருக்கிறது என்ற பயம்.

பள்ளி வாசலில் நிறுத்தினேன். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு மின்ன வந்துட்டோம்மா" என்றார், தன் பேருந்தே தோற்றுவிட்ட மாதிரி லேசான வருத்தத்தோடு. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், டீசல் முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு.

பள்ளிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. டிராக்டர்காரர்களுக்காகக் கேனில் டீசல் வைத்திருந்தார் கடைக்காரர். ஐந்து லிட்டர் கேன். அடியில் ஏதோ கறுப்பாகப் படிந்திருந்தது. வேறு வழியே இல்லாத அந்த நிலைதான். நோட்டைத் திறந்தேன். வடிகட்டவும், இரண்டு கோடு.

எங்கள் வீட்டிலேயே மிக நைசான துணி என் பையில் இருந்தது. என் குழந்தைக்கே சலிக்கிற துணி, காருக்கு என்ன குறை? அதை நான்காக மடித்துப் புனல்மேல் விரித்தேன். கடைக்காரர் ஊற்ற ஊற்ற நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாரு, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் மாமனார் கடைக்காரரிடம். "எவனாவது இப்படி வடிகட்டி ஊத்தி பாத்துகீறியா?"

"இல்லிங்க, நான் பாத்ததில்ல" என்றார் கடைக்காரர். இன்று யோசித்தால் அந்தக் குரலில் பாராட்டு இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் கொஞ்சம் டீசல் துணியில் தேங்கி நின்றது. கை சும்மா இருக்குமா? தினம் இரண்டு வேளை கூழ் பிழிந்து பழகிய கை. துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு சொட்டு வீணாகாமல் டேங்குக்குள் பிழிந்தேன். இரண்டு தடவை.

நாலு கிலோமீட்டர் வந்திருப்போம். ஒரு சின்ன மேட்டில் கார் இருமியது. குலுங்கியது. நின்றது. சாவியைத் திருப்பினால் 'கிர்ர், கிர்ர்' என்று சுற்றுகிறதே தவிர உயிர் வரவில்லை. இருபக்கமும் சாமை விதைக்க உழுதுபோட்ட நிலம். ஆள் இல்லை. மேகம் கட்டியிருந்தது. நான் யாழினிக்குக் குல்லா போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன்.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. கண்டக்டர்கள் பேசாமல் இருந்தால் வண்டி கெட்டுப்போனது என்று அர்த்தமாம், அத்தை மெதுவாகச் சொன்னார்.

போனில் ஒரு கோடு சிக்னல். பாயைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தாத நான், அன்று மலை எதிரொலிக்கக் கத்தினேன். "பாய், நீங்க மாட்டுன சாமான் எல்லாம் போச்சு! நடுக்காட்டுல நிக்கறோம், கைக்குழந்தையோட! இதுக்கா புதுசு புதுசுன்னு சொன்னீங்க?"

"இருங்கமா, இருங்க. டீசல் எங்க போட்டீங்க?"

"கேன்லதான். ஆனா வடிகட்டிதான் ஊத்தினேன்! குழந்தைக்கு வடிகட்டற துணியில!"

"இன்னா துணி?" என்றார் பாய். சிக்னல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஜீப் வந்தது. ஓட்டியவர் பெயர் கோவிந்தன். மாமனாரின் பேருந்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவராம். "இன்னா கண்டக்டரே, ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்திட்டீங்க?" என்று இறங்கினார். ஜீப்பில் இருந்த எட்டுப் பேரும் கூடவே இறங்கினார்கள். (ஒரு பெண் மடியில் இருந்த பலாப்பழத்தோடு இறங்கினார். எதையும் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை போலும்.)

கோவிந்தன் பானெட்டைத் திறந்து, புதிய பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். டீசல் வரவில்லை. பழுப்பாக, கெட்டியாக, களிபோல ஒன்று அதன்மேல் அப்பிக்கொண்டிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார். முகம் மாறியது.

"சேறுன்னு பாத்தா சேறு இல்ல. மாவு மாதிரி கீது."

பலாப்பழப் பெண் பழத்தைச் சாலையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவரும் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். கேழ்வரகு விளைவிக்கிற கை. அது பொய் சொல்லுமா?

"கேவுரு மாவு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: "எந்த மிசின்ல அரச்ச கண்ணு? நல்லா நைசா கீதே!"

பூமி பிளந்து உள்ளே போவதாக இருந்தால் அந்தக் கணத்தில் போயிருப்பேன். (பிளந்தாலும் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.) துணியின் இழைகளில் தங்கியிருந்த மாவையெல்லாம் டீசலில் கரைத்து, போதாததற்குக் கையால் பிழிந்தும் விட்டிருக்கிறேன். கேன் அழுக்கும் கூடவே போயிருக்கிறது. கண்டிப்பான பில்டர் கடமையைச் செய்திருக்கிறது.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். கோவிந்தன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். என்னவென்றே தெரியாத யாழினியும் கைதட்டிச் சிரித்தாள். மாமனார் மட்டும் சிரிக்காமல் காரின் பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்தார். செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து, பழைய பில்டரை எடுத்து, என்னிடம் நீட்டினார்.

"தூக்கிப் போடச் சொன்னியேமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடைத்த பில்டர் இருந்த இடத்தில் அந்தப் பழைய பில்டரையே மாட்டினார்கள். ஆனால் டேங்கில் இருந்த டீசலை இனித் தொட முடியாது. கோவிந்தன் தன் ஜீப்புக்கு வைத்திருந்த நல்ல டீசல் கேனைக் கொண்டுவந்தார். டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நீள ரப்பர் பைப்பின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் கேனிலும் விட்டார். மிச்ச டீசல் திரும்பி வர இன்னொரு பைப். இரண்டையும் முன்பக்க ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தார். கேனை எங்கே வைப்பது? மாமனார் மடியில்.

"இப்ப பைப்புல காத்து கீது. அத எடுக்கணும். கை பம்ப்ப அமுக்குங்க டீச்சர்" என்றார் கோவிந்தன். நான் அமுக்கினேன். அவர் தளர்த்திய திருகு வழியாகக் குமிழ் குமிழாக நுரை வந்தது.

"இன்னாடி இது, பாப்பாவுக்குக் கூழு குடுத்துட்டு ஏப்பம் எடுக்கற மாதிரி கீது" என்றார் அத்தை. எட்டுப் பேருக்கும் இரண்டாவது சுற்றுச் சிரிப்பு.

நுரை நின்றது. சாவியைத் திருப்பினேன். கார் பிடித்துக்கொண்டது. ஜீப் ஆட்கள் கைதட்டினார்கள். மாமனார் கேனைக் கட்டிப்பிடித்தபடி, தட்டுவதற்குக் கை இல்லாமல், தலையால் ஜாடை காட்டினார். "ரைட்."

இறங்குகிற வழியெல்லாம் நான் சாலையைப் பார்த்தேன், மாமனார் கேனைப் பார்த்தார், அத்தை எங்கள் இருவரையும் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் டீசல் அவர் வேட்டியில் தளும்பியது. பாயிடம் கத்தியது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நிபந்தனை தெளிவானது: நடுவில் நின்றால் ஆரணி. நின்றுவிட்டது. ஜமுனாமரத்தூர் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு ராத்திரி யாழினி என்னைத் தேடி அழுவாளா, அழாமல் பழகிவிடுவாளா, இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பின்சீட்டில் அவள் தூங்கிவிட்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கச் சொல்லி அத்தையிடம் இரண்டு முறை கேட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. அறைத்தோழிக்குச் சொல்வதற்காகப் போனை எடுத்தேன்.

"யாருக்குமா போன்?" என்றார் மாமனார்.

"ரூம் விஷயமா மாமா. வர்றேன்னு சொல்லிடறேன்."

"இன்னாத்துக்கு?"

"வண்டி நின்னுடுச்சே."

அவர் கேனை மடியிலிருந்து இறக்காமலே யோசித்தார். "வண்டி எங்கமா நின்னுச்சு? ஏறச் சொன்ன எடம் வரைக்கும் ஏறிடுச்சி. மாவ ஊத்தி அடச்சாலும் ஒரு கேன மடியில வச்சிகினு வூடு வரைக்கும் வந்துடுச்சி. இத வுட இன்னா பண்ணும்?" பிறகு தன் போனை எடுத்து ஆரணிக்காரரைக் கூப்பிட்டார். "வண்டி இல்லப்பா. ... இல்லப்பா, குடுக்கற மாதிரி இல்ல. அது இப்பதான் கூழு குடிக்க ஆரம்பிச்சிகீது."

நான் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துச் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அத்தையைக் கேட்டால் இரண்டும் என்கிறார்.

மறுநாள் பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மன்னிப்பையும் மூன்று முறை கேட்டேன். டேங்கை மறுபடி கழுவி, வேறு நைஸ் பில்டர் போட்டுக் கொடுத்தார். அடைத்துப்போன பில்டரை மட்டும் திருப்பித் தரவில்லை. அது இன்றும் அவர் கடையில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களிடம், "டீசல்ல எது கலந்தா இன்னா ஆவும்னு எல்லாம் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் புதுசு" என்று காட்டுகிறாராம். நான் போனால், "இன்னாமா, இந்த வாட்டி கேவுரா, சாமையா?" என்பார்.

மூன்று வருடமாகத் தினமும் அந்தக் காரில்தான் மலையேறி இறங்குகிறேன். ஒரு ராத்திரிகூட யாழினியை விட்டுப் படுத்ததில்லை. பங்க்கில் டேங்க் நிறையாமல் மலைப்பாதையில் திரும்புவதில்லை. யாழினிக்கு இப்போது நாலு வயது தாண்டிவிட்டது. லீவு நாட்களில் அவளும் பங்க்குக்கு வருவாள். அந்தக் கதையை அவளுக்கு யார் எத்தனை முறை சொன்னார்களோ தெரியாது. பங்க்காரர் குழாயை எடுத்ததும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, என்னைவிடக் கவலையான முகத்தோடு சொல்வாள்:

"அண்ணா, பிழியாம ஊத்துங்க."